லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளின் சமையலறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் என்ன சாப்பிடுகின்றன, எது மாறியது, ஏன் மாறியது என்று பேச்சு வந்தால் அதே சில சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். பெரும்பாலான விவரங்கள் மெக்சிகோ வழிக் குடும்பங்களைப் பற்றியவை. வேறு நாட்டுக்காரர்களைப் பற்றியது என்றால் அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

லத்தினோ, ஹிஸ்பானிக் ரெண்டும் ஒண்ணுதானே?

ஏறக்குறைய ஒன்றுதான், முழுக்க ஒன்றல்ல. ஹிஸ்பானிக் என்பது ஸ்பானிய மொழி வழி வந்தவர்களைக் குறிக்கும். ஸ்பெயின் நாட்டவரும் அதில் அடக்கம். லத்தினோ என்பது லத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்தவர்களைக் குறிக்கும். போர்ச்சுகீசியம் பேசும் பிரேசில்காரர்களும் அதற்குள் வருவார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மக்கள் 6.21 கோடி. அதில் பத்தில் ஆறு பேர் மெக்சிகோ வழியினர்.

போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள். சட்டப்படி அவர்கள் குடியேறிகள் அல்ல, ஆனால் தீவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த குடும்பத்தின் அடுப்பில் நடக்கும் மாற்றம் பெரும்பாலும் இதேதான்.

எல்லாரும் டாக்கோவும் பரிட்டோவும்தானே சாப்பிடுவாங்க?

இல்லை. அவை இரண்டுமே டொர்ட்டியா என்ற மெல்லிய தட்டை ரொட்டியில் உள்ளீடு வைத்தவை. தெற்கு, மத்திய மெக்சிகோவில் மக்காச்சோள டொர்ட்டியா. வடக்கே சொனோரா, சிவாவா பக்கம் கோதுமை டொர்ட்டியா. எல் சல்வடோர்காரருக்கு உள்ளே பீன்ஸோ பாலாடைக்கட்டியோ வைத்துத் தட்டிச் சுடும் புபூசா. கியூபா, டொமினிக்கக் குடியரசு என்றால் சோறு, பீன்ஸ், வாழைக்காய். வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் அரேபா என்ற தடித்த மக்காச்சோள ரொட்டி. சோறு, பீன்ஸ், இறைச்சி எல்லாவற்றையும் அடைத்துப் படலத்தாளில் சுற்றித் தரும் பெரிய பரிட்டோ, 1960களில் சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் வளர்ந்த வடிவம்.

இந்த வேறுபாடு கடைக்குப் போகும்போதுதான் உறைக்கும். அரேபாவுக்கான மாவு வேகவைத்து உலர்த்தி அரைத்தது, சுண்ணாம்பு சேராதது. டொர்ட்டியாவுக்கான மாசா ஹரீனா சுண்ணாம்பு நீரில் வெந்த மக்காச்சோளத்தின் மாவு. பாக்கெட் இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மாற்றி வாங்கினால் அரேபாவில் சுண்ணாம்பு மணம் அடிக்கும், டொர்ட்டியாவோ மெல்லிசாகத் தட்டும்போதே விரிந்து உடையும்.

டமாலேக்கும் தமிழுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கா?

இல்லை. அது மெக்சிகோவின் பழங்குடி மொழியான நஹுவாவின் ‘தமல்லி’ என்ற சொல்லிலிருந்து வந்தது. மாசாவை மக்காச்சோளத் தோகையிலோ வாழையிலையிலோ பொதிந்து ஆவியில் வேகவைப்பதால் நம் கொழுக்கட்டை நினைவுக்கு வருவது இயல்பு. ஒற்றுமை அவ்வளவோடு சரி.

அங்க போனதும் முதல்ல மாறுறது எது, ருசியா?

முதலில் மாறுவது கடிகாரம். மெக்சிகோவில் நாளின் பெரிய சாப்பாட்டுக்குக் கொமீதா என்று பெயர். பிற்பகல் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் சூப், சோறு அல்லது பாஸ்தா, பிறகு கறியோ காயோ சேர்ந்த குழம்பு, பீன்ஸ், சூடான டொர்ட்டியா என்று உட்கார்ந்து சாப்பிடுவார்கள். காலையில் காபியும் ரொட்டியும். பத்து, பதினோரு மணிக்கு அல்முவேர்சோ என்ற இடைச்சாப்பாடு. ராத்திரிச் சாப்பாடான சேனா ரொம்ப லேசு: மிச்சம் மீதி, அல்லது ஓர் இனிப்பு ரொட்டியும் பாலும்.

அமெரிக்க வேலைத்தளத்தில் இந்த ஒழுங்கு ஒரே வாரத்தில் குலைந்துவிடும். கலிபோர்னியாவில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு அரைமணி சாப்பாட்டு இடைவேளை சட்டப்படி உண்டு. கூட்டாட்சிச் சட்டத்தில் அந்தக் கட்டாயம்கூடக் கிடையாது. அரைமணியில் கொமீதா நடக்காது. எனவே கனமான சாப்பாடு இரவு ஏழு, எட்டுக்குத் தள்ளிப்போகிறது. நாளெல்லாம் அடக்கிய பசியோடு நிறையச் சாப்பிட்டு, விடியலில் எழ வேண்டுமே என்று உடனே படுக்கிறார்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போவதால் பகலில் அடுப்பைப் பார்க்க ஆளில்லை. பாட்டியும் சித்தியும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். நாக்கு மாறிவிட்டது என்று அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. குறைந்துபோனது நேரமும், உதவிக்கு இருந்த கைகளும். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது.

லொஞ்சேன்னு சொல்றாங்களே, அது ஸ்பானிய வார்த்தையா?

லஞ்ச் என்ற ஆங்கிலச் சொல் ஸ்பானிய வாயில் லொஞ்சே ஆனது. வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு என்று பொருள். உணவு வண்டிக்கு லொஞ்சேரா என்று பெயர் வந்ததும் இதிலிருந்துதான்.

கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கு மாதிரி கீரைத் தோட்டங்களில் ஆறு மணிக்கெல்லாம் வேலை தொடங்கும். அதற்காக வீட்டில் மூன்று, நாலு மணிக்கே அடுப்பு பற்றிவிடும். கைக்கு அடக்கமானது, சிந்தாதது, ஆறினாலும் விறைக்காதது எதுவோ அதுதான் லொஞ்சேக்குச் சரிப்படும். மக்காச்சோள டொர்ட்டியா ஆறினால் விறைத்து விரிசல் விடும். கொழுப்பு சேர்ந்த கோதுமை டொர்ட்டியா வளையும். தெற்கு மெக்சிகோக் குடும்பங்கள்கூட அமெரிக்காவில் கோதுமைக்கு மாற இது ஒரு காரணம். 15 செ.மீ. அகல மக்காச்சோள டொர்ட்டியா ஒன்றில் 50, 60 கலோரிதான். 25 செ.மீ. கோதுமை டொர்ட்டியாவில் 200-ஐத் தாண்டும். முன்பு போலவே நாலைந்து என்று எண்ணிக்கொண்டு சாப்பிட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

டொர்ட்டியாவை வீட்டுலயே செய்யுறதை ஏன் விட்டுடுறாங்க? அப்படி என்ன கஷ்டம்?

தட்டிச் சுடுவது கஷ்டமில்லை. அதற்கு முன்னால் நிக்ஸ்தமால், அதாவது சுண்ணாம்பு நீரில் வெந்து ஊறிய மக்காச்சோளம், செய்யும் வேலைதான் பெரிது. ஒரு கிலோ உலர்ந்த மக்காச்சோளத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீர், 10 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. நாம் வெற்றிலைக்குத் தடவும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். ஆனால் வாசனை எதுவும் சேராத, உணவுக்கென்று விற்கும் தூளாக இருக்க வேண்டும், வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு கூடவே கூடாது. சிறு தீயில் 30 முதல் 45 நிமிடம் வைத்தால், விரலால் தேய்க்கும்போது தோல் வழுக்கிக்கொண்டு வரும், நடு மட்டும் சற்றுக் கடினமாக இருக்கும். அப்போது இறக்கி மூடி, 8 முதல் 12 மணி நேரம் ஊறவிட்டு, இரண்டு முறை அலசி அரைக்க வேண்டும். சுண்ணாம்பு கூடினால் மஞ்சள் ஏறிக் கசக்கும். அதிகம் வெந்தால் மாவு பசையாகும்.

ஊரில் ஊறிய மக்காச்சோளத்தை வாளியோடு தெரு ஆலைக்குக் கொண்டுபோனால் அரைத்துத் தருவார்கள். அமெரிக்க அடுக்ககத்தில் ஆலை எங்கே? நம் ஊர் கிரைண்டரில் அரைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அரைபடும். ஆனால் கல் சுற்றத் தண்ணீர் அதிகம் விட வேண்டியிருக்கும், மாவு தளர்ந்துவிடும். பிறகு மாசா ஹரீனா சேர்த்துத்தான் இறுக்க வேண்டும். வேலை முடிந்து வருபவருக்கு இத்தனையும் நடக்கிற காரியமில்லை. பாக்கெட் மாவு, அல்லது அக்கம்பக்கத்து டொர்ட்டியாக் கடை, அதுவும் இல்லையென்றால் பேரங்காடியின் பிளாஸ்டிக் பை என்ற வரிசையில் இறங்குகிறார்கள்.

சுண்ணாம்பு போடாட்டி என்ன கெட்டுப்போகும்?

இரண்டு விஷயம். மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி பிணைந்து கிடக்கிறது. சுண்ணாம்பு நீர்தான் அதை விடுவிக்கிறது, கூடவே கால்சியமும் சேர்க்கிறது. மக்காச்சோளம் ஐரோப்பாவுக்கும் அமெரிக்கத் தென்மாநிலங்களுக்கும் போனபோது இந்த முறை கூடப் போகவில்லை. அதையே பிரதான உணவாக்கிய ஏழைகளுக்குப் பெல்லக்ரா நோய் வந்தது. இரண்டாவது, சுண்ணாம்பில் வேகாத மாவு ஒட்டிப் பிடித்து மெல்லிசாகத் தட்ட வராது.

பாக்கெட் மாவுல செஞ்சா ஓரமெல்லாம் வெடிக்குதே?

தண்ணீர் போதவில்லை. இரண்டு கப் மாசா ஹரீனாவுக்கு ஒன்றரைக் கப் வெதுவெதுப்பான நீர், ஒரு சிட்டிகை உப்பு. பிசைந்து ஈரத்துணியால் மூடி 15 நிமிடம் விடுங்கள். ஓர் உருண்டையைக் கையில் அமுக்கிப் பாருங்கள்: ஓரம் வெடித்தால் ஒரு கரண்டி நீர், கையில் ஒட்டினால் ஒரு கரண்டி மாவு. எலுமிச்சை அளவு உருண்டைகளாகப் பதினாறு வரும். பிளாஸ்டிக் தாள் இரண்டுக்கு நடுவில் வைத்து அழுத்தி, நன்றாகக் காய்ந்த கல்லில் முதல் பக்கம் அரை நிமிடம், மறுபக்கம் ஒரு நிமிடம், திருப்பிப் போட்டு லேசாக அழுத்தினால் உப்பும். உப்பாவிட்டால் கல் சூடு போதவில்லை அல்லது மாவு வறண்டிருக்கிறது. சுட்டவற்றைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்காவிட்டால் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் விறைக்கும்.

கர்ப்பிணிகளுக்கு இந்த மாவுல ஏதோ சத்து இல்லைன்னு கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மை. அமெரிக்காவில் 1998 முதல் செறிவூட்டிய கோதுமை மாவு போன்றவற்றில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பது கட்டாயம். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் கருவில் சரியாக மூடாமல் போகும் குறைபாட்டைத் தடுக்க வந்த விதி அது. மாசா மாவு அந்தப் பட்டியலில் இல்லை. ரொட்டிக்குப் பதில் டொர்ட்டியா சாப்பிடும் பெண்களுக்கு அந்தக் காப்பு போய்ச் சேரவில்லை. ஹிஸ்பானிக் தாய்மாரின் குழந்தைகளிடம் இந்தக் குறைபாடு கூடுதலாகவே காணப்பட்டு வந்திருக்கிறது. 2016-இல்தான் மாசா மாவில் சேர்க்க அனுமதி வந்தது, அதுவும் விருப்பப்பட்டால் மட்டும். பெரும்பாலான நிறுவனங்கள் சேர்க்கவில்லை. 2024-இல் கலிபோர்னியா அதைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது, அது 2026 ஜனவரி 1 முதல் அமல். ஒரு மக்களின் அன்றாடச் சோற்றை விதி எழுதியவர்கள் நினைத்துப் பார்க்காததால் போன காலம் இது.

பாக்கெட்டின் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளும்படிதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

ஊர்க் கீரை, காயெல்லாம் அங்க கிடைக்குமா?

பெரிய நகரங்களில் கிடைக்கும். விலையும் தூரமும்தான் தடை. கிராமத்தில் வயலோரம் சும்மா பறித்த கெலீத்தெஸ் என்ற காட்டுக்கீரைகள் அமெரிக்காவில் களை. நம் தண்டுக்கீரையின் உறவினமும் பருப்புக்கீரையும் அவற்றில் உண்டு. வெர்தொலாகாஸ் என்று அவர்கள் பன்றிக்கறியோடு பச்சைத் தக்காளிக் குழம்பில் போடுவது நம் பருப்புக்கீரையைத்தான். நொபால் என்பது சப்பாத்திக்கள்ளியின் இளமடல். முள் நீக்கி நறுக்கி வேகவைத்தால் வெண்டைக்காய் போல் கொழகொழக்கும், நன்றாக அலசினாலோ சூடான கல்லில் வாட்டினாலோ போய்விடும். களைக்கொல்லி தெளித்த சாலையோரத்தில் மட்டும் பறிக்கக் கூடாது.

இடம் கிடைத்த இடத்தில் தாங்களே விளைத்துக்கொண்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் நடுவே 14 ஏக்கரில் சவுத் சென்ட்ரல் பார்ம் என்ற தோட்டம் இருந்தது. சுமார் 350 குடும்பங்கள், பெரும்பாலும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் குடும்பங்கள், மக்காச்சோளம், நொபால், மூலிகை எல்லாம் விளைத்தன. நிலத் தகராறில் 2006 ஜூனில் அவர்களை வெளியேற்றித் தோட்டத்தை அழித்தார்கள்.

ஊர்ல இருந்தே கொண்டுவந்துடலாமே?

கொண்டுவருகிறார்கள். குவாத்தமாலாவில் 1971-இல் தொடங்கிய போயோ காம்பேரோவின் வறுத்த கோழியைப் பெட்டி பெட்டியாக விமானத்தில் தூக்கிவந்தது ஊரறிந்த செய்தி. 2002-இல் அந்த நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸிலேயே கடை திறந்தது. காய்ந்த மிளகாய், மோலே என்ற குழம்புக்கான மசாலா விழுது போன்றவற்றுக்குப் பொதுவாகத் தடையில்லை. பன்றிக்கறி, பன்றிக்கறி வைத்த டமாலே, பெரும்பாலான பச்சைப் பழங்கள் தடுக்கப்படும். எதுவானாலும் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள். சொன்னால் பொருள் மட்டும் போகும், மறைத்தால் அபராதமும் சேரும்.

இதில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஈயம். கலிபோர்னியாவின் மான்டெரே மாவட்டத்தில் குழந்தைகள் பலரின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்ததை ஆராய்ந்தபோது, மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்திலிருந்து உறவினர் அனுப்பிய வறுத்த வெட்டுக்கிளியில் ஈயம் இருந்தது தெரிந்தது. பளபளப்பான ஈயப்பூச்சு போட்ட மண்பாண்டம், சில மிளகாய்த்தூள், புளி மிட்டாய், வயிற்றுவலிக்குக் கொடுக்கும் கிரேத்தா, அசார்கோன் பொடிகள் ஆகியவற்றிலும் இது உண்டு. அந்த இரண்டு பொடிகளும் ஏறக்குறைய முழுக்கவே ஈயச் சேர்மம். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

வீட்டுப் பாலாடைக்கட்டி ஆபத்துன்னு சொல்றாங்களே, பாட்டி காலத்துல சாப்பிடலையா?

கேசோ ஃப்ரெஸ்கோ புளிப்பு குறைந்த, ஈரம் நிறைந்த புதுப் பாலாடைக்கட்டி. கிருமிக்கு அதுதான் தோது. 1985-இல் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் தொழிற்சாலையில் செய்த பாலாடைக்கட்டியாலேயே லிஸ்டீரியா கிருமி பரவி, கருவிலிருந்த சிசுக்கள் உட்பட 48 உயிர்கள் போயின. 1997-இல் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பகுதியில் காய்ச்சாத பாலில் வீட்டில் செய்த பாலாடைக்கட்டியால் சால்மொனெல்லா பரவியது.

யாக்கிமாவில் அதற்குச் செய்த வேலை மிகவும் புத்திசாலித்தனமானது. ‘செய்யாதே’ என்று துண்டறிக்கை கொடுத்ததோடு நிற்காமல், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் பாஸ்ச்சரைஸ் செய்த பாலில் அதே ருசி வரும் செய்முறையை உருவாக்கினார்கள். ஊர்ப் பாட்டிமார் அதைக் கற்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அபுயேலா திட்டம் என்று பெயர். அபுயேலா என்றால் பாட்டி. நோயும் குறைந்தது. கடைப்பாலில் கட்டி சரியாக இறுகவில்லை என்பவர்கள் உணவுத்தரக் கால்சியம் குளோரைடைச் சிறிது சேர்க்கலாம். கர்ப்பிணிகள் மட்டும் கடையில் வாங்கியதையும் ஆவி பறக்கச் சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும்.

அமெரிக்கா போனதாலதானே சர்க்கரை நோய் வருது?

பாதி சரி. 2008-இல் தொடங்கி பிராங்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ ஆகிய இடங்களில் 16,415 ஹிஸ்பானிக் பெரியவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் சர்க்கரை நோய் மெக்சிகோ வழியினரிடம் 18.3 சதவீதம், தென்னமெரிக்க வழியினரிடம் 10.2 சதவீதம். அமெரிக்காவில் வாழ்ந்த ஆண்டுகள் கூடக்கூட நோயும் கூடியது. படிப்பும் வருமானமும் கூடியவர்களிடம் குறைந்தது. எனவே ‘லத்தினோ உடம்பு’ என்று ஒன்றைச் சொல்லி விளக்க முடியாது.

மறுபாதி: விட்டுவந்த ஊரும் பழைய ஊராக இல்லை. மெக்சிகோவே குளிர்பானமும் பாக்கெட் தீனியும் மிகுந்த நாடு. 2014-இல் இனிப்பு பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி, 2020-இல் பாக்கெட்டின் முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை என்று அந்த அரசு போராடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏழ்மை கூடுதலாக இருந்தும் 2019-இல் ஹிஸ்பானிக் மக்களின் சராசரி ஆயுள் 81.9, வெள்ளையருடையது 78.8. ஆரோக்கியமானவர்களே குடிபெயரத் துணிகிறார்கள், புகைப்பவர் குறைவு, குடும்பக் கட்டு இறுக்கம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன.

கூல்டிரிங்க்ஸை எப்படித்தான் விடுறது?

பழக்கத்தை ஒரேயடியாக வெட்டுவதைவிட அகுவா ஃப்ரெஸ்கா என்ற பூ, பழப் பானத்துக்குத் திரும்புவது எளிது. நம் புளிச்சக்கீரைக்கு உறவான ஹமைக்கா செடியின் காய்ந்த சிவப்பிதழ் ஒரு கப்பை ஒரு லிட்டர் நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டி, இன்னொரு லிட்டர் குளிர்ந்த நீர் சேருங்கள். மொத்தத்துக்கும் சர்க்கரை 100 கிராம். அப்போது 355 மில்லியில் ஏறக்குறைய 18 கிராம் வரும். அதே அளவு கோலா டப்பாவில் 39 கிராம். வாரத்துக்கு 10 கிராம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும். கடையில் விற்கும் அகுவா ஃப்ரெஸ்காவை நம்ப வேண்டாம், பல இடங்களில் கோலா அளவுக்கே இனிப்பு போடுகிறார்கள்.

வெயிலில் வயல்வேலை செய்பவருக்கு வெறும் தண்ணீர்தான் முக்கியம். கலிபோர்னியாவில் ஆளுக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிநீர் கொடுப்பது முதலாளியின் சட்டக் கடமை.

பிள்ளைங்க வீட்டுச் சாப்பாட்டைத் தொடவே மாட்டேங்குதுங்க, என்ன பண்ண?

பள்ளியில் காலை, மதியம் இரண்டு வேளை சாப்பிடும் பிள்ளைக்கு வாரத்தில் பத்து வேளை பள்ளி உணவுதான். அது வழக்கமாவது இயல்பு. அவர்களுக்கென்று தனியாகப் பீட்சா வாங்கும் வழக்கம் ஆரம்பித்தால்தான் வீட்டுச் சாப்பாடு ‘பெரியவங்க சாப்பாடு’ ஆகிவிடும். ஒரே சமையலில் காரத்தை மட்டும் சல்சாவாகத் தனியே வைத்துவிடுங்கள். டொர்ட்டியா அழுத்தும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள்; தான் அழுத்தியதை ஒதுக்கும் பிள்ளை குறைவு.

அரசு உணவு உதவி வாங்கினா கிரீன் கார்டுக்குப் பிரச்சினை ஆகுமா?

திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். பள்ளி உணவுக்கும், கர்ப்பிணி, கைக்குழந்தைத் தாய், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான விக் திட்டத்துக்கும் குடியுரிமை நிலை தகுதியாக வைக்கப்படவில்லை. 2009 முதல் விக்கில் மக்காச்சோள டொர்ட்டியாவும் வாங்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்கள் உணவு வாங்க உதவும் ஸ்னாப் திட்டம் வேறு: ஆவணமற்றவர்களுக்குக் கிடையாது, கிரீன் கார்டு பெற்ற பெரியவர்கள் பெரும்பாலும் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். குடிமகனான பிள்ளையின் பெயரில் விண்ணப்பிக்கலாம்.

அரசு உதவியை நம்பி வாழ்வார் என்று கருதினால் கிரீன் கார்டை மறுக்கும் ‘அரசுக்குச் சுமை’ என்ற விதியில் ஸ்னாப் 2020 பிப்ரவரியில் சேர்க்கப்பட்டு 2021 மார்ச்சில் நீக்கப்பட்டது. விக் அப்போதும் சேர்க்கப்படவில்லை. ஆனாலும் பயத்தில் பலர் விக்கையும் விட்டுவிட்டார்கள். விதி ஆட்சிக்கு ஆட்சி மாறுவதால், கையெழுத்துப் போடும் முன் உரிமம் பெற்ற குடியேற்ற வழக்கறிஞரையோ இலவசச் சட்ட உதவி மையத்தையோ கேளுங்கள். நொத்தாரியோ என்று பலகை மாட்டியவரிடம் போகாதீர்கள். மெக்சிகோவில் அந்தப் பெயர் வழக்கறிஞரைக் குறிக்கும், அமெரிக்காவில் அவருக்குச் சட்ட ஆலோசனை சொல்ல அதிகாரமில்லை.

தனியா வந்த ஆம்பளைங்க என்னதான் சாப்பிடுவாங்க?

1942 முதல் 1964 வரை பிராசெரோ என்ற தற்காலிக வேலை ஒப்பந்தத்தில் வந்த மெக்சிகோத் தொழிலாளர்களின் முக்கியக் குறைகளில் ஒன்று முகாம் சாப்பாடு. இன்றைய எச்-2ஏ என்ற தற்காலிக விவசாய வேலை விசாவில் முதலாளி மூன்று வேளை சாப்பாடு தர வேண்டும், இல்லையென்றால் இலவசமாகச் சமையல் வசதி தர வேண்டும். சமையலறை இருந்தாலும் ஓர் அடுப்புக்குப் பத்துப் பேர் என்றால் வரிசைதான். முறை வைத்து ஒருவர் எல்லாருக்கும் சமைக்கும் வீடுகளில் செலவும் குறைகிறது, சாப்பாடும் உருப்படியாக இருக்கிறது. ஆளாளுக்குத் தனித்தனியே என்றால் உடனடி நூடுல்ஸும் லொஞ்சேராவும்தான் கதி.

எல்லாத்தையும் காப்பாத்த முடியாது. ஒண்ணே ஒண்ணைச் சொல்லுங்க.

பீன்ஸ் பானை. விலை குறைவு, நார்ச்சத்து நிறைய, அருகில் நின்று கிளற வேண்டியதில்லை. முன்பு சொன்ன நேரப் பிரச்சினைக்கு இதைவிட நல்ல விடை இல்லை. அரை கிலோ பின்டோ அல்லது கறுப்பு பீன்ஸைக் கல் பொறுக்கி அலசி, இரண்டரை லிட்டர் தண்ணீர், பாதி வெங்காயம், இரண்டு பல் பூண்டு, கிடைத்தால் ஒரு கொத்து எபசோத்தே என்ற மூலிகை சேர்த்துச் சிறு தீயில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம். ஊறவைக்காமலே மின்சார பிரஷர் குக்கரில் 40 நிமிடம் போதும். தக்காளியும் எலுமிச்சையும் வெந்த பிறகுதான். புளிப்பு முன்னால் சேர்ந்தால் தோல் இளகாது. மூன்று மணி நேரமாகியும் வேகவில்லை என்றால் பீன்ஸ் பழசு, அல்லது தண்ணீர் கடினநீர்.

காலையில் மெது-குக்கரில் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: சிவப்பு ராஜ்மா வகையை முதலில் அடுப்பில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிடாமல் அதில் போட்டால், உள்ளிருக்கும் லெக்டின் என்ற நச்சு அழியாமல் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். வெந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். பானையோடு வைத்தால் நடுவில் சூடு தங்கிப் புளித்துவிடும். மூன்று, நாலு நாள் வரும். அதற்கு மேல் வேண்டியதை வெந்த நீரோடு சேர்த்து உறையவையுங்கள். நீரில்லாமல் உறைந்தால் தோல் பிரிந்து வறண்டுபோகும்.